நாலாம் கற்பனை

கதை எழுதுகிறவனுக்குக் கற்பனை என்பது பிழைப்பு. கிறிஸ்தவனுக்குக் கற்பனை என்பது கட்டளை. இரண்டுமாக இருக்கிறவன் பாடு கொஞ்சம் சங்கடந்தான்.

இதைச் சிறிது விளக்கிச் சொல்ல வேண்டும். சீனாய் மலையில் மோசேக்குக் கொடுக்கப்பட்டதாக வேதாகமம் கூறும் பத்துக் கட்டளைகளை எங்கள் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் 'பத்துக் கற்பனைகள்' என்றுதான் சொல்வார்கள். என் கதை முதன்முதலாகப் பத்திரிகையில் வந்தபோது எங்கள் சபையின் முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "தம்பி, கற்பனையெல்லாம் எழுதுகிறீர்களாமே! பத்தில் எந்தக் கற்பனை?" என்று கேட்டார். மெய்யாகவே கேட்டாரா, கேலியாகக் கேட்டாரா என்பது எனக்கு இன்று வரை விளங்கவில்லை. அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குத் தர வேண்டிய பதிலை இப்போது தருகிறேன்: நாலாம் கற்பனை.

கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இதை மூன்றாவதாக எண்ணுவார்கள். எண்ணிக்கையில்தான் வித்தியாசமே தவிர விஷயத்தில் இல்லை. ஆறு நாள் உழை. ஏழாம் நாள் ஓய்ந்திரு. அந்த நாளைப் புனிதமாக வைத்துக்கொள். இவ்வளவுதான் அதன் சாரம். யூதர்களுக்கு அந்த நாள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதில் தொடங்கிச் சனிக்கிழமை பொழுது சாய்வதில் முடிகிறது. இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமையைக் கைக்கொண்டார்கள்.

சிறு பிராயத்தில் இந்தப் பத்தையும் தடுமாறாமல் ஒப்புவித்தால்தான் ஓய்வுநாட் பள்ளியில் பரிசு. ஒப்புவிக்கும்போதே நான் மனசுக்குள் தேர்வு எழுதிக்கொண்டு போவேன். ஆறாவது கொலை, செய்ததில்லை. ஏழாவதன் பொருள் பத்து வயதில் விளங்கவில்லை. ஆகவே அதிலும் தேறிவிட்டதாகவே எண்ணிக்கொள்வேன். எட்டாவது களவு, பக்கத்துத் தோட்டத்து மாங்காய் ஞாபகம் வந்து தொண்டை சற்று அடைக்கும். ஆனால் நாலாவது வரும்போது மட்டும் குரல் தானாகவே உயர்ந்துவிடும். 'வேலை செய்யாதே' என்று கடவுளே சொல்லும்போது அதை மீறுவதற்கு எவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? பத்துக் கற்பனைகளிலும் மிகச் சுலபமானது இதுதான் என்று நான் நம்பினேன். நாற்பது வயது தாண்டும் வரை அந்த நம்பிக்கை ஆடாமல் அசையாமல் இருந்தது.

என் தகப்பனார் இந்தக் கற்பனையைக் கண்டிப்பாகக் கைக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொள்ள மாட்டார். சட்டைக்கு இஸ்திரி போடுவது, செருப்புக்குப் பாலிஷ் போடுவது எல்லாம் சனிக்கிழமை மாலையே முடிந்துவிட வேண்டும். கடையில் காசு கொடுத்து ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட அனுமதி இல்லை. பள்ளிக்கூடக் கணக்கு நோட்டைத் திறக்கக் கூடாது. அவர் போட்ட சட்டங்களில் இது ஒன்றைத்தான் நான் உள்ளன்போடு அனுசரித்தேன்.

கறி விஷயத்துக்கு மட்டும் ஓர் ஏற்பாடு இருந்தது. சனிக்கிழமை இரவே கடைக்காரரிடம் சொல்லி, பணத்தையும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஞாயிறு விடியற்காலையில் கடைப் பையன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமை காசு கைமாறவில்லை. ஆகவே கற்பனை மீறப்படவில்லை. அப்பாவின் வேத வியாக்கியானம் அது. அந்தக் கடைப் பையன் எந்த நாளில் ஓய்ந்திருந்தான் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஆராதனை முடிந்து வந்ததும் கறிக் குழம்பும் சோறும் உண்டு, வராந்தாவில் சாய்வு நாற்காலியில் படுத்து, நாலு மணி வரைக்கும் நிம்மதியாகத் தூங்குவார் அப்பா. "இது கர்த்தருடைய நாள், சத்தம் போடாதீர்கள்" என்பார்.

அந்தக் குழம்புக்கு மசாலா அரைத்தவள் அம்மா. வாரத்தின் மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு எழுந்திருப்பவள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே எழுந்துவிடுவாள். கோயிலில் முதல் மணி அடிக்கும்போது தேங்காய் திருகிக்கொண்டிருப்பாள். இரண்டாம் மணி அடிக்கும்போது எங்களுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருப்பாள். முதல் பாட்டு முடிந்து, முதல் வேதபாடம் வாசிக்கும் சமயத்தில், பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் வந்து உட்காருவாள். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். 'கர்த்தருடைய வீட்டுக்குக்கூட நேரத்தோடு வரத் தெரியவில்லையே' என்பது அந்தப் பார்வையின் பொருள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். ஜெபத்துக்காகக் குவித்த அவள் கையில் பூண்டு மணக்கும். கடவுளுக்கு அருகில் போனால் பூண்டு மணக்கும் என்றே சிறு வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் எங்கிருந்து வந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் தாத்தா பனையேறி. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மண் தேரிக்காட்டில், பருவ காலத்தில் நாளொன்றுக்கு முப்பது முப்பத்தைந்து மரம் காலையும் மாலையும் ஏறி இறங்கியவர். பனைமரத்தின் சுபாவம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பாளையின் நுனியை நாள் தவறாமல் மெல்லிசாகச் சீவிக்கொண்டே இருந்தால்தான் அது சொட்டும். சீவாமல் விட்டால் நுனி காய்ந்து ஊற்று அடைத்துக்கொள்ளும். பாளைக்குக் கிழமை தெரியாது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவி வைத்தால் இறங்குவது பயினி, அதாவது பதநீர்; தடவாமல் விட்டால் அதுவே கள்ளாகிவிடும். சுண்ணாம்பு தடவிய பயினியையும் அன்றன்றே காய்ச்சியாக வேண்டும், காத்திருக்காது.

இந்த மரத்தையும் நாலாம் கற்பனையையும் ஒரே மனிதன் எப்படிச் சுமப்பான்? தாத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் நட்சத்திரம் மறையும் முன்பே ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மணி அடிப்பதற்கு முன்பே கோயில் வாசலில் நிற்பாராம். ஆனால் மனச்சாட்சி விடவில்லை. கடைசியில் தமக்குத் தாமே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்: ஞாயிற்றுக்கிழமைப் பயினியில் எடுத்த கருப்பட்டி வீட்டுக்கு ஆகாது. பாதி கோயிலுக்குக் காணிக்கை; பாதி மரம் ஏற ஆளில்லாத வீடுகளுக்கு. சாகும் வரைக்கும் அந்தக் கருப்பட்டியில் ஒரு துண்டு வாயில் போட்டதில்லையாம்.

இந்தக் கதையை நான் ஒரு முறை பெருமையோடு ஆச்சியிடம் சொல்லிக் காட்டினேன். ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தாள். "கருப்பட்டி கோயிலுக்குப் போச்சு, வாஸ்தவந்தான். காய்ச்சினது யாருன்னு கேட்டியாலே?" என்றாள். மனிதன் மரத்தை விட்டு இறங்கிக் கோயிலுக்குப் போய்விட்டான். பயினி இறங்கி விடிலிக்கு வந்துவிட்டது. பனை ஓலையை எரித்து, புகையில் கண் கலங்கி, கூப்பனிப் பதம் வரும் வரை கிளறி, சிரட்டையில் ஊற்றி எடுக்க ஒரு ஆள் வேண்டுமே. பருவ காலம் முழுக்க ஆச்சி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனதே கிடையாதாம். தாத்தாவின் தீர்ப்பில் கருப்பட்டிக்கு இடம் இருந்தது, ஆச்சிக்கு இல்லை.

இந்தச் சிக்கல் தேரிக்காட்டோடு நின்றதும் அல்ல. ரோமாபுரிச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 321-ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக விதித்து ஓர் ஆணை பிறப்பித்தார். நகரத்தாரும் நியாயாதிபதிகளும் ஓய்ந்திருக்க வேண்டும். பட்டறைகள் மூடியிருக்க வேண்டும். ஆனால் நாட்டுப்புறத்து உழவர்களுக்கு விலக்கு உண்டு. விதைப்புக்கும் திராட்சை நடவுக்கும் ஏற்ற நாள் தவறிவிடக் கூடாது என்பது காரணம். சக்கரவர்த்தியும் மண்ணின் சுபாவத்துக்குப் பணிந்தார். ஆனால் ஓய்ந்திருக்கும் நகரத்தானுக்கு அன்று சோறு சமைக்கிறவளின் சங்கதி அந்த ஆணையிலும் இல்லை.

தாத்தாவின் பேரன் மரம் ஏறவில்லை. பாளையங்கோட்டையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கதை எழுதுகிறான். அவன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது என்று நான் திரும்பிப் பார்க்கும்படி ஆனது சில வருஷங்களுக்கு முன்பு.

அன்று குருவானவரின் பிரசங்கம் நாலாம் கற்பனையைப் பற்றியது. நன்றாகவே பேசினார். இந்தக் கற்பனை வேதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது என்றார். யாத்திராகமத்தில், கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், அதனால் நீயும் ஓய்ந்திரு என்று காரணம் சொல்லப்படுகிறது. உபாகமத்தில் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்தவன் என்பதை மறவாதே, உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். முதற்காரணம் கடவுளைப் பார்க்கச் சொல்கிறது. இரண்டாம் காரணம் நம் வீட்டுப் பின்கட்டைப் பார்க்கச் சொல்கிறது.

பிரசங்கம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் வாசலில் நின்றுகொண்டிருந்த இரண்டு நண்பர்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தவள், வாசலில் மூன்று ஜோடிச் செருப்பைப் பார்த்ததும் பேசாமல் இன்னொரு உழக்கு அரிசியை எடுத்து அலசினாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனேன். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா குழாயடியில் குனிந்து உட்கார்ந்து குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கள் சபையைச் சேர்ந்தவளும் அல்ல, எங்கள் மதத்தைச் சேர்ந்தவளும் அல்ல. அதுவரை காதில் ரீங்கரித்துக்கொண்டிருந்த பிரசங்கத்தின் வேகத்தில், "ஞாயிற்றுக்கிழமைகூட உங்களுக்கு வேலைதானா, அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமதான் சார் வேல சாஸ்தி. நான் பாக்கிற நாலு வீடும் வேதக்காரங்க வீடு. கோயில் முடிஞ்சு வந்து, ஆக்கி, விருந்தாள் சாப்பிட்டு, அப்புறந்தானே சட்டி விழுது? கடைசி வீடு முடிக்க அஞ்சு மணி ஆயிரும். மத்த நாள்ல ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

அதில் புகாரே இல்லை. மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். நான்தான் ஈரக் கையோடு அங்கேயே நின்றுவிட்டேன். வேலைக்காரி இளைப்பாற வேண்டும் என்று கட்டளை பெற்ற நாளில், அந்தக் கட்டளை பெற்றவர்கள் வீட்டில்தான், வாரத்திலேயே அவளுக்கு வேலை அதிகம்! அதற்குக் காரணம் வேறெதுவும் அல்ல; நாங்கள் அந்த நாளைக் கொண்டாடுகிற முறை.

அன்று மாலையே தீர்மானம் செய்துவிட்டேன். "அக்கா, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வர வேண்டாம். அது உங்களுக்கு ஓய்வு" என்று அறிவித்தேன். அவள் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு நான் மிகவும் திருப்தியோடு தூங்கினேன்.

முதல் ஞாயிறு போயிற்று. இரண்டாம் ஞாயிறு போயிற்று. மூன்றாம் ஞாயிறு மத்தியானம், மாத இதழுக்குத் தர வேண்டிய அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் வேதாகமம் ஒன்று வந்து விழுந்தது. புடவை முந்தானையை இடுப்பில் செருகியபடி, கையில் சாம்பல் வாசனையோடு மனைவி நின்றாள்.

"எண்ணிப் பாருங்க" என்றாள்.

"எதை?"

"யார் யாருக்கு ஓய்வுன்னு உபாகமத்துல ஒரு பட்டியல் இருக்கே, அதை."

எண்ணினேன். கட்டளை பெறுகிறவன், அவன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, மற்ற மிருகங்கள், வாசலுக்குள் தங்கியிருக்கிற அந்நியன். மொத்தம் ஒன்பது.

"மாட்டுக்கு இருக்கு, கழுதைக்கு இருக்கு. பெண்டாட்டிக்கு இருக்கா?"

இல்லை. யாத்திராகமத்தைப் புரட்டினேன், அங்கும் இல்லை.

"பத்தாம் கற்பனையைப் பாருங்க. அடுத்தவனோட எதுக்கெல்லாம் ஆசைப்படக் கூடாதுன்னு அங்கேயும் ஒரு பட்டியல். அதிலே பெண்டாட்டி இருக்கா. ஆசைப்படக் கூடாத சாமான் கணக்கிலே நாங்க உண்டு. ஓய்வெடுக்கிற ஆள் கணக்கிலே கிடையாது. அந்த அக்காவோட வேலையை நீங்க நிறுத்தலை. என் தலையிலே மாத்தி வச்சிருக்கீங்க."

எழுத்தாளன் சும்மா இருப்பானா? இரண்டு நாள் வியாக்கியானப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு வெற்றியோடு திரும்பி வந்தேன். 'நீ' என்று கட்டளை தொடங்குகிறதே, அந்த 'நீ' வீட்டுத் தலைவனையும் தலைவியையும் சேர்த்தே குறிக்கிறது. அதனால்தான் மனைவியைத் தனியாகச் சொல்லவில்லை என்று உரையாசிரியர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். எபிரேய மூலத்தில் அது ஆண்பால் முன்னிலைதான்; இருந்தாலும் தமிழில் 'நீ'க்கு ஆண் பெண் பேதமே கிடையாது பார் என்று மொழிப் பெருமையையும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சரி. அப்போ நீங்களும் நானும் ஒரே 'நீ'. இந்த 'நீ'யிலே ஒரு பாதி மூணு வாரமா ஓய்வெடுத்தாச்சு. மறுபாதி முறை எப்போ?" என்றாள்.

கணக்கு டீச்சரிடம் பின்னம் பேசக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாத்திரம் தேய்த்தேன். கறிக் குழம்புச் சட்டியின் அடியில் பிடித்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி இருபது வருஷமாகக் கதை எழுதும் எனக்கு ஒரு வரி அறிவும் இருந்ததில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்படி நாலு வீடு என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

மாதக் கடைசியில் இன்னொன்று நடந்தது. அக்கா சம்பளம் வாங்க வந்தவள் வாசற்படியிலேயே தயங்கி நின்றாள். "ஒண்ணு கேக்கேன் சார், தப்பா நினைச்சுக்கிடாதீங்க. நாலு ஞாயித்துக்கிழம வரலையே, அதுக்குச் சம்பளத்தைப் பிடிப்பீங்களா? பிடிக்கிறதா இருந்தா நான் வந்தே வேல பாத்திருதேன். மவளுக்குப் பீஸ் கட்டணும்" என்றாள்.

சம்பளத்தைப் பிடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் பிடிக்க மாட்டோம் என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு வரவில்லை. ஒரு மாதம் முழுவதும் நான் கொடுத்த ஓய்வை அவள் பயத்தோடு அனுபவித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இன்று எத்தனை ரூபாய் போயிற்று என்று எண்ணியிருக்கிறாள். அதற்குப் பெயர் ஓய்வா?

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்னும் உணவு பொழிந்த கதை யாத்திராகமத்திலேயே இருக்கிறது. அன்றன்று வேண்டியதை அன்றன்று பொறுக்கிக்கொள்ள வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் கெட்டுப் போகும். பயினி மாதிரிதான். ஆனால் ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு கிடைக்கும். அது மட்டும் மறுநாள் வரை கெடாது. அதனால் ஏழாம் நாள் யாரும் வெளியே போய்ப் பொறுக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த இரட்டைப் பங்கு முதலில் வந்துவிடுகிறது. கற்பனைகள் சீனாய் மலையில் அதற்குப் பிறகுதான் கொடுக்கப்படுகின்றன. முதலில் கூலி, அப்புறம் கட்டளை. ஓய்வெடு என்று சொல்கிறவன், அந்த நாளின் சோற்றுக்கு முதலில் வழி செய்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

இந்த ஞாயம் மதத்தோடு நின்றுவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டுமென்று நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் வருஷக்கணக்கில் போராடினார். 1890-ஆம் ஆண்டில் முதலாளிகள் இசைந்தார்கள்; 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டமாகவே ஆக்கியது. ஆனால் அந்தச் சட்டம் ஆலை வாசலோடு நின்றது, அடுக்களைக்குள் நுழையவில்லை. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஓர் உடன்படிக்கையில் எழுதியது 2011-ஆம் ஆண்டில். லோகாண்டேயின் காலத்திலிருந்து எண்ணினால் நூற்றிருபது வருஷம். உபாகமத்திலிருந்து எண்ணுவதை வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. கறிக் குழம்பு சனிக்கிழமை மாலைக்கு மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முந்தின நாளே கிளறி வைத்த புளியோதரை, ஒரு துவையல், அப்பளம். பிள்ளைகள் முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். விழுகிற நாலைந்து பாத்திரத்தை நானும் என் மகனும் தேய்த்துவிடுகிறோம். அக்காவுக்கு ஏழு நாள் சம்பளம், ஆறு நாள் வேலை. மற்ற மூன்று வீடுகளில் இரண்டு வீட்டார் இதைக் கேட்டு மெதுவாக இசைந்திருக்கிறார்கள். மூன்றாம் வீட்டார், "எழுத்தாளர் வீட்டில் ஆயிரம் கூத்து நடக்கும்" என்றார்களாம்.

கற்பனையை முழுக்கக் கைக்கொண்டுவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஊரிலிருந்து உறவினர் வந்தால் மனைவி தானாகவே அடுப்பைப் பற்றவைத்து விடுவாள். நானும் பார்த்தும் பாராதது போல் இருந்துவிடுவேன். சுலபமானது என்று பத்து வயதில் நினைத்த கற்பனையில்தான் அதிகமாகத் தவறிக்கொண்டிருக்கிறேன். கொலை செய்யாமல் இருப்பதற்கு ஒரு மனிதன் பெரிதாக முயற்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. தன் ஓய்வு யார் முதுகின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று வாராவாரம் திரும்பிப் பார்க்கத்தான் முயற்சி வேண்டும்.

லூக்கா சுவிசேஷத்தில் பதினெட்டு வருஷமாகக் கூனியாய், நிமிரவே முடியாமல் இருந்த ஒரு ஸ்திரீயின் கதை வருகிறது. இயேசு அவளை ஓய்வு நாளில் நிமிர்த்திவிடுகிறார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம் வருகிறது. மற்ற ஆறு நாளில் வந்து சொஸ்தமாகக் கூடாதா என்கிறான். உங்கள் மாட்டையும் கழுதையையும் ஓய்வு நாளில் தண்ணீர் காட்ட அவிழ்த்துவிடுகிறீர்களே, இவளை அவிழ்த்துவிடக் கூடாதா என்று கேட்கிறார் இயேசு. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் முன்பு எனக்கு அற்புதம்தான் கண்ணில் படும். இப்போது வேறொன்று படுகிறது. அந்த ஸ்திரீ எதன்மேல் குனிந்து குனிந்து கூனியானாள் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. நான் அறிந்த பெண்கள் அம்மியின்மேலும், விடிலி அடுப்பின்மேலும், குழாயடியிலும் குனிந்தவர்கள்.

அப்பா காலமாகிவிட்டார். அம்மா எங்களோடு இருக்கிறாள். முதுகு வளைந்துவிட்டது. புதிய ஒழுங்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, முதல் மணி அடிப்பதற்கு முன்பே அவளை அழைத்துக்கொண்டு போய்க் கோயிலில் உட்காரவைத்தோம். கூட்டம் வருவதற்கு முன் கோயில் எப்படி இருக்கும் என்பதையே அவள் அன்றுதான் பார்த்தாளோ என்னவோ, கூரையையும் ஜன்னல்களையும் நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டை முதல் வரியிலிருந்து பாடினாள். பின் வரிசையில் உட்கார்ந்து பழகியவள் ஆகையால், முன் வரிசை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்தாள், எடுத்தாள், முந்தானையைத் திருகினாள். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சும்மா இருக்கக் கை வரமாட்டேங்குதுப்பா. நாளைக்கு உரிக்கத்தானே போறோம், அந்தப் பூண்டை எடுத்துக் குடு" என்றாள்.

இது கற்பனையை மீறுவதாகுமா, ஆகாதா? குருவானவரைக் கேட்டிருக்கலாம், வியாக்கியானப் புத்தகங்களைப் புரட்டியிருக்கலாம். நான் கேட்கவும் இல்லை, புரட்டவும் இல்லை. பூண்டை எடுத்து வந்து பாதியை அவள் மடியில் வைத்தேன். மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன்.